ஆடியில் திரும்பிய நிழற்குடை

எங்கள் ஊரில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால், அது உடம்பை விட்டு இறங்கி நடந்துபோய், மெயின் ரோட்டு நிழற்குடையில் உட்கார்ந்து, மேற்கே போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கும்.

கைப்பிடி அளவுதான் இருக்கும். ஆனால் நடை அவரவர் நடை. விந்தி நடந்தவருடையது விந்திப் போகும். கூச்சப்படுகிறவர்களுடையது சுவரை ஒட்டிப் போகும். பஸ் வந்ததும் ஏறிச் சன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளும். மடியில் வைத்துக்கொள்கிற அளவில் உள்ள எதற்கும் கண்டக்டர் டிக்கெட் போடுவதில்லை. பஸ் கிளம்பிய பிறகு வீட்டுக்காரர்கள் மற்றக் காரியங்களைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

பஸ் வருவதற்குள் கூப்பிட்டுவிட்டால் திரும்பி வந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். கூப்பிடுவதில்தான் சிக்கல். கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கே என்று கேட்கக் கூடாது. குறுக்கே போய் நிற்கவும் கூடாது. போகிற காரியம் விளங்காது என்பார்கள். எங்கள் ஊர் மரியாதை தெரிந்த ஊர். ஓர் இதயம் கடைத்தெரு வழியாகப் போனால் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்கள். அது தெருமுக்குத் திரும்பும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

என் அண்ணன் பூதப்பாண்டியின் இதயமும் அப்படித்தான் போயிற்று. அண்ணனுக்கு உரக்கடையில் மூட்டை இறக்குகிற வேலை. பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில்தான் வடிவு மைனியின் தையல் கடை. மைனி என்றால் அண்ணன் மனைவி. அன்றைக்கு அவள் அண்ணனுக்காக நீலக் கட்டம் போட்ட துணியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் இதயம் கடை வாசலில் நின்று, அந்தச் சட்டையைப் பார்த்தது. ஒரு கை தைத்தாகிவிட்டது, இன்னொரு கை பாக்கி. பார்த்துவிட்டு நடந்தது. மைனி எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"'ஏங்க'ன்னு வாய் வரைக்கும் வந்துட்டு, தம்பி. பின்னால இருந்து கூப்பிடக் கூடாதேன்னு முழுங்கிட்டேன்" என்றாள் என்னிடம்.

அதற்குப் பிறகு அந்தச் சட்டையை மடித்து மெஷின் மேசையின் இழுப்பறையில் வைத்துவிட்டாள். நான் அவளோடு கடையில் இருந்துகொண்டேன். பொத்தான் தைப்பது, இஸ்திரி போடுவது என் வேலை. நான் பேசுவது அவளுக்கு ஒருநாளும் ஒரே தடவையில் கேட்டதில்லை. மெஷினை நிறுத்துவாள். தலையை இடது பக்கம் சாய்ப்பாள். அப்படியும் கேட்காவிட்டால் எழுந்து கிட்டே வருவாள்.

"தொண்டைக்குள்ளயே வச்சிருந்தா எனக்கு எப்படிக் கேக்கும்? வெளிய விடு."

இப்படி இருக்கையில்தான் சுகாதார நிலையத்து ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். நின்ற இதயத்தைத் திருப்பி அனுப்புகிற பெட்டி ஒன்று இருக்கிறதாம். டிஃபிபிரிலேட்டர் என்று பெயராம். ஊர்க்காரர்கள் கமிட்டி அமைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்து, பழகிக்கொள்ளவும் சம்மதித்தால், ஒரு பெட்டி சும்மாவே கிடைக்குமாம். பொது இடத்தில் சுவரில் மாட்ட வேண்டும். பூட்டு கூடாது. அது கூப்பிடும், கூப்பிட்டு, ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவைக்கும்.

டீக்கடை ஆவுடையப்பன் அண்ணன் கடை முன்னால்தான் கூட்டம். பலரும் பல கேள்வி கேட்டார்கள். மைனி ஒன்றுதான் கேட்டாள்.

"சிஸ்டர், அந்தப் பெட்டி முன்னயே அங்க நின்னுக்கிட்டு இருக்குமா, இல்ல எதிர்க்க வருமா?"

"நின்னுக்கிட்டேதான் இருக்கும். அது எங்க நடக்கப் போவுது?"

"அப்பம் குறுக்க வந்த கணக்கில சேராது."

"சேராது."

"பின்னால இருந்து கூப்பிட்ட கணக்குலயும் சேராது."

"எதிர்க்க மாட்டுனா சேராது."

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். மரம் எதிரே நிற்கிறது, கடைப்பலகை எதிரே நிற்கிறது. அவற்றை யாரும் குற்றம் சொல்வதில்லை. அன்றைக்கே மைனியைக் கமிட்டித் தலைவி ஆக்கினார்கள். பேரூராட்சித் தலைவர் குமாரவேலு துண்டைப் போட்டு மரியாதை செய்தார். மைனி துண்டை விரித்துப் பார்த்து, "ஓரம் அடிக்காமக் கொண்டாந்திருக்கிய, தலைவரே. அப்புறமா அடிச்சுத் தாரேன்" என்றாள்.

பயிற்சி தையல் கடையில் நடந்தது. கடையில் தலையும் கையும் இல்லாத அளவுப் பொம்மை ஒன்று உண்டு. அதைத் தரையில் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கச் சொன்னார் சிஸ்டர். நிறுத்தாமல் அமுக்க வேண்டும்.

"எதுக்கு சிஸ்டர்?" என்றார் ஆவுடையப்பன் அண்ணன். "ஆளுதான் பஸ்ஸுக்குப் போயாச்சே. காலி வீட்டப் போட்டு இடிக்கணுமா?"

"திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கெடந்தா என்ன நெனைக்கும்? யாரும் இல்ல போலன்னு அப்படியே போயிரும். உள்ள ஆள் நடமாட்டம் இருக்க மாதிரி வச்சிருக்கணும். அதான் இந்த அமுக்கு."

இது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. பூக்கடை தங்கபுஷ்பம் அக்காள்தான் நன்றாக அமுக்கினாள். அவள் அமுக்கிய அமுக்கில் பொம்மையின் அளவே மாறி, அந்த வாரம் தைத்த ரவிக்கை எல்லாம் மார்பில் தட்டையாக வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பொதுக்காரியம்.

பெட்டி வந்தது. மூடியில் ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சிமிட்டினால் பெட்டிக்குச் சுகம் என்று அர்த்தம். திறந்தால் வெளியூர்ப் பெண்குரல் ஒன்று பேசியது.

"நோயாளியைத் தொடாதீர்கள். அனைவரும் விலகி நிற்கவும்."

டீக்கடையில் வைத்துத்தான் திறந்து பார்த்தோம். குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழுந்து விலகி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். திரும்பி வரும்படி அந்தக் குரல் சொல்லவில்லை. அதனால் அவர்கள் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஆவுடையப்பன் அண்ணனே ரோட்டைக் கடந்துபோய், "போதும்வே, வாங்க. டீ ஆறிட்டு" என்று அழைத்துவர வேண்டியிருந்தது.

"இந்தக் குரல் சரிப்படாது" என்றாள் மைனி. "நல்லாத்தான் பேசுது. ஆனா நம்மகிட்டப் பேசல."

குரலை மாற்றலாம் என்றார் சிஸ்டர். ஆனால் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் உள்ளே இடம் இருந்தது. அது என்ன வாக்கியம் என்று கமிட்டி யோசித்தது. "போகாதே" என்பது போகிறவர் காதில் விழக் கூடாத சொல். "நில்" என்று சொல்வதும் பொருந்தாது. நின்றதனால்தானே இறங்கி வந்திருக்கிறது. "வீட்டுக்குப் போ" என்றால் விரட்டுகிற மாதிரி இருக்கும்.

"சாப்பிட்டியளான்னு கேப்போம்" என்றாள் மைனி. "அதுக்குப் பதில் சொல்லாமப் போறவுக நம்ம ஊர்ல கெடையாது."

அடுத்து, யார் குரல் என்பது. கிளம்புகிற பஸ்ஸை வைத்துச் சோதித்தார்கள். முதலில் ஆவுடையப்பன் அண்ணன் கேட்டார். ஏதோ சண்டை என்று நினைத்து டிரைவர் வேகத்தைக் கூட்டிவிட்டார். அடுத்த பஸ்ஸுக்குத் தலைவர் குமாரவேலு. அவர் "பெருமக்களே" என்று ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு வந்து சேர்வதற்குள் பஸ் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. தங்கபுஷ்பம் அக்காள் கேட்டதற்கு, பூ விற்கிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் இறங்கி முழம் என்ன விலை என்றார்கள். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று.

"குத்தாலம், நீ கேளு" என்றாள் மைனி.

நான் கேட்டேன். டிரைவர் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது தெரிந்திருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னது தம்பி?" என்றார்.

"சாப்பிட்டியளா அண்ணே?"

"இன்னும் இல்லையேப்பா" என்று இறங்கி வந்துவிட்டார்.

கேட்காததைக் கேட்பதற்குத்தான் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் கமிட்டிக்குப் புரிந்தது. அன்றிலிருந்து பெட்டிக்குள் என் குரல் இருக்கிறது.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் பெட்டியை மாட்டினார்கள். எங்கள் ஊர் நிழற்குடை தகரக் கூரையும், மூன்று பக்கம் தகரச் சுவரும், நான்கு இரும்புக் காலும் உள்ளது. ரோட்டைப் பார்த்துத் திறந்திருக்கும். உள்ளே பின்சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே, சுவரில், ரோட்டைப் பார்த்தபடி பெட்டியைத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். விழாவுக்கு வருகிறவர்கள் ரோட்டு வழியாகக் காரில்தான் வருவார்கள். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். பக்கத்திலேயே தலைவர் பெயர் போட்ட பலகை. மாலை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். மறுநாள் ஆடி பிறந்தது.

ஆடி முதல் வெள்ளியன்று பச்சை விளக்கைப் பார்க்கப் போன மைனி, பெஞ்சுக்கு முன்னால் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். ஓர் இதயத்தின் உயரத்துக்கு வந்ததும் அப்படியே இருந்தாள்.

"தம்பி, போறவுக கடைத்தெருவில இருந்து நிழற்குடைக்குப் பின்பக்கமா வாறாக. வந்து பெஞ்சில உக்காருறாக. பெட்டி எங்க இருக்கு?"

"முதுகுக்குப் பின்னால" என்றேன்.

தலையைச் சாய்த்தாள்.

"முதுகுக்குப் பின்னால, மைனி."

"ஆமா. பின்னால இருந்து கூப்பிடப் போவுது."

தலைவரிடம் போனோம். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். "அட ஆமா, வடிவு! இது யாருக்கும் தோணலையே. மாத்திருவோம். ஆனா ஆடியில மாட்டுனதக் கழட்டக் கூடாது, புதுசா ஒண்ணு மாட்டவும் கூடாது. ஆவணி பொறக்கட்டும், மொத வேலை இதான்."

"ஆவணி வரைக்கும் யாரும் கெளம்பாம இருக்கணுமே, தலைவரே."

தலைவர் யோசித்தார். "சொல்லி வச்சிருவோம்" என்றார்.

அன்று மாலையே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். பொதுமக்கள் ஆவணி பிறக்கும்வரை இதயம் நிற்பதைத் தவிர்த்து ஒத்துழைப்பு தரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. ஊர் ஒத்துழைத்தது. மாடிப்படியில் மெதுவாக ஏறினார்கள். பங்காளிச் சண்டைகளை ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்த மேலத்தெருப் பெரியவர் ஒருவர், "ஊருக்காக இருக்கேன்" என்று சொல்லியனுப்பினார்.

மைனிக்கு மட்டும் இடது தோளில் ஒரு வலி இருந்தது. மெஷின் மிதிக்கிற வலி என்றாள். காலால் மிதித்தால் தோளில் எப்படி வலி வரும் என்று கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. அன்றைக்குக் கிட்டே வரவும் இல்லை.

அம்மன் தேர் ஓடி முடிந்த சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், மைனியின் மெஷின் நின்றது. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மைனி துணிமேல் தலைவைத்துச் சாய்ந்திருந்தாள். அவள் இதயம் மேசையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குவதற்கு முன் துணியில் இறங்கியிருந்த ஊசியை மேலே தூக்கிவிட்டது. குத்தியபடி விட்டுப்போனால் ஊசி முறியும் என்பது அதற்குத் தெரியும். பிறகு வாசல்படியைக் கடந்து தெருவில் நடந்தது.

'மைனி' என்கிற சொல் என் வாய்வரை வந்தது. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கபுஷ்பம் அக்காள் எதிர்க் கடையிலிருந்து பூவைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மைனியைத் தரையில் கிடத்தி, அவள் அமுக்க ஆரம்பித்தாள். "வீட்ட நான் பாத்துக்கிடுதேன். நீ ஸ்டாப்புக்குப் போ. சந்து வழியாப் போ, குறுக்க போயிராத!" என்றாள்.

சந்து வழியாக ஓடினேன். ஆவுடையப்பன் அண்ணன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். ஓடிவந்ததில் இருக்கிற குரலும் போய்விட்டிருந்தது.

"என்னடே? வாய்க்குள்ளயே முணங்குத?"

டீ பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு என் வாயருகே காதைக் கொண்டுவந்தார். மறுபடியும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"வடிவா? கமிட்டித் தலைவியேவா?"

அவர் நிழற்குடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெட்டி ரோட்டைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேற்கே போகிற பஸ் தூரத்துப் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் அண்ணன் டீக்கடைக்காரர் மட்டும் இல்லை. அம்மன் தேருக்குக் கட்டை போடுகிறவரும் அவர்தான். சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து, நான்கு முக்கிலும் தேரைத் திருப்புவது அவர் பொறுப்பு. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார்.

"வடத்தக் கொண்டாங்கலே!" என்றார்.

தேர் வடம் இன்னும் கோயில் வாசலில்தான் சுருட்டிக் கிடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோரும் போய்த் தூக்கிவந்தார்கள். நிழற்குடையின் முன்கால் இரண்டிலும் கட்டினார்கள். தலைவர் குமாரவேலு அலுவலகத்திலிருந்து ஓடிவந்தார்.

"ஏய், ஆவுடை! ஆடியில ஒண்ணையும் கழட்டக் கூடாதுடே!"

"யாருய்யா கழட்டுதா? தேர் திருப்புதோம்."

தலைவர் ஒரு கணம் நின்றார். ஆடியில் தேர் இழுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆடியில்தான் இழுக்கவே செய்கிறோம். மேலும், வடத்தை முதலில் தொடுகிற மரியாதை பேரூராட்சித் தலைவருடையது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வடத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு பிடித்தார்.

இழுத்தோம். நிழற்குடையின் கால்கள் சிமெண்டில் புதைந்திருந்தன. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது தகரம் எம்மாத்திரம்? ஒரு காற்று வந்தது, கால்கள் விட்டுக்கொடுத்தன. ஆவுடையப்பன் அண்ணன் விறகுக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காலுக்குக் கால் ஓடினார்.

"வடக்க விடு! வடக்க விடு! தெக்க இருக்கவன் இழுக்காதலே, ஒனக்கு என்ன அவசரம்? தலைவரே, குனிஞ்சு இழுங்க, போட்டோக்காரன் இங்க வரல!"

நிழற்குடை கூரை அசைய, தலைவர் பெயர்ப்பலகை ஆட, தேர் முக்குத் திரும்புவது போலவே திரும்பியது. உள்ளே பெஞ்சில் ஒரு வெளியூர்க்காரர் பையோடு உட்கார்ந்திருந்தார். அவரும் திரும்பினார்.

மைனியின் இதயம் இன்னும் வந்து சேரவில்லை. அவள் எப்போதும் தரையைப் பார்த்துத்தான் நடப்பாள். விழுந்து கிடக்கிற பொத்தானை விட்டுப் போக அவளால் முடியாது. உரக்கடை முன்னால் ஏதோ ஒன்றைக் கண்டு அது குனிந்தது. பொறுக்கிக்கொண்டது. பிறகு நடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். கையில் வடம் இருந்தவர்கள் வடத்தோடு ஒதுங்கினார்கள். வேட்டிகள் இறங்கின. நிழற்குடை வாய் இப்போது கடைத்தெருவைப் பார்த்து நின்றது. பெட்டி எதிரே இருந்தது.

இதயம் கிட்டே வந்ததும் மூடி திறந்துகொண்டது. என் குரல் கேட்டது. கேட்டது என்று சொல்ல முடியாது; ஏதோ முணங்கியது.

இதயம் நின்றது. இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது.

பெட்டி மறுபடியும் கேட்டது. பாலத்திலிருந்து இறங்கிய பஸ் ஹாரன் அடித்தது. இதயம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடையில் நான் பேசினால் மெஷினை விட்டு எழுந்து வருவாளே, அதே மாதிரி இன்னும் கிட்டே போயிற்று. பெட்டிக்கு நேர் கீழே போய்ச் சாய்ந்து நின்றது.

"சாப்பிட்டியளா?"

இந்தத் தடவை அதற்குக் கேட்டிருக்க வேண்டும். பெட்டி ஒரு தட்டுத் தட்டியது. இதயம் ஒரு முழம் துள்ளி விழுந்து, எழுந்து, வந்த வழியே திரும்பி நடந்தது. திரும்பும்போது அது தரையைப் பார்க்கவில்லை. வேகமாகப் போயிற்று. மதியம் உலை வைக்க நேரமாகிவிட்டால் மைனி அப்படித்தான் நடப்பாள்.

பஸ் வந்தது. நிழற்குடையின் முதுகுக்கு முன்னால் நின்றது. ஏறுவதற்கு யாரும் இல்லை. வெளியூர்க்காரருக்கும் எந்தப் பக்கம் ரோடு என்று தெரியவில்லை. பஸ் போய்விட்டது.

நான் கடைக்குப் போனபோது தங்கபுஷ்பம் அக்காள் கையை எடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா சிஸ்டர் வந்து நாடி பிடித்துக்கொண்டிருந்தார். மைனி கண்ணைத் திறந்திருந்தாள். வலது உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது.

"குத்தாலம்" என்றாள்.

"மைனி."

"சாப்பிடக் கூப்பிட்டுட்டு, இலை போடாம நிக்கியே, தம்பி."

சிஸ்டர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இலை போட்டேன். கூப்பிட்டது இதயத்தை, அதற்கென்று தனியாகப் போட வேண்டாமா? மைனி இரண்டு இலையிலும் சாப்பிட்டாள். ஒன்றில் உப்பு குறைவு என்றாள்.

தலைவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அறிவிப்பு இருந்தும் ஆடியிலேயே கிளம்பியதற்கு மைனி அவரிடம் வருத்தம் தெரிவித்தாள். "பரவால்ல வடிவு, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார் அவர். ஓரம் அடித்த துண்டை மைனி எடுத்துக்கொடுத்தாள்.

இப்போது ஒரே ஒரு சிரமம்தான். நிழற்குடை ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. முதுகைப் பார்த்து வண்டியை நிறுத்துவது மரியாதையாக இல்லை என்று டிரைவர் சொல்லிவிட்டார். நியாயம்தான். நிழற்குடையை மறுபடியும் திருப்ப முடியாது. பெட்டி இப்போதுதான் சரியான பக்கம் பார்க்கிறது. அதனால் ரோட்டைத் திருப்புவது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை இழுக்கிறோம். ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. வடம் அதுவே போதும் என்று ஆவுடையப்பன் அண்ணன் சொல்கிறார். கட்டைதான் கொஞ்சம் கூட வேண்டுமாம்.

ரோடு திரும்பிவிட்டால் மேற்கே போன வண்டிகள் எல்லாம் இங்கே வருகிற வண்டிகள் ஆகிவிடும் என்றார் டிரைவர். அதையும் கமிட்டி பேசியது. இறங்குகிறவர்களைப் பார்த்துப் பெட்டி சாப்பிட்டியளா என்று கேட்காமல் இருக்காது. எவ்வளவு அரிசி போடுவது என்பதில்தான் கொஞ்ச நேரம் பேச்சு நீண்டது. சாம்பாருக்குப் பூசணிக்காய் தலைவர் தருவதாகச் சொன்னார்.

நேற்று மைனி இழுப்பறையைத் திறந்து அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். தையலைப் பிரித்தாள். கைப்பிடி அளவுக்கு வெட்டி, இரண்டு கையும் வைத்து, ஒரு குட்டிச் சட்டை தைத்தாள். பெரிய வேலை கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இது பெரிய வேலை இல்லை. உரக்கடை முன்னால் கிடைத்த வெள்ளைப் பொத்தானை என்னிடம் கொடுத்துத் தைக்கச் சொன்னாள்.

"தம்பி, ரெண்டு வருசமா பஸ்லயே உக்காந்திருந்திருக்காக. வயிறு கொஞ்சம் போட்டிருக்கும், என்ன?"

"இருக்கும், மைனி."

தலையைச் சாய்க்காமலே அவளுக்குக் கேட்டது. சட்டையை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்துத் தையலைப் பிரித்து, ஒரு விரற்கடைத் துணி விட்டு மறுபடியும் தைத்தாள்.